மூன்று அடி நகர்ந்த சுவர்: ஒரு மாடி வீட்டின் கல் கணக்கும் எடைக் கணக்கும்

கோவைக்கு வடக்கே துடியலூர் பக்கம் ஒரு மாடி வீடு. மாடி ஹால் 22 அடி நீளம், 12 அடி அகலம். பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் ஹாலைச் சரிபாதியாக மறித்து இரண்டு அறையாக்க வேண்டும். சுவர் 12 அடி நீளம், 10 அடி உயரம், நடுவில் 3-க்கு 7 அடியில் ஒரு கதவு. வீட்டுக்காரர் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைச் செய்தாலும் கெட்டியாகச் செய்ய வேண்டும் என்பவர்.

"ஒன்பது இஞ்ச் சுவராவே கட்டிருங்க தம்பி. கல்லு எத்தனை, சிமெண்ட் எத்தனை மூட்டைன்னு மட்டும் எழுதிக் குடுங்க, இறக்கிர்றேன்" என்றார்.

கல் எத்தனை என்று கேட்காத வீட்டுக்காரர் கிடையாது. சுவர் எத்தனை கிலோ என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இரண்டுக்கும் அளவு ஒன்றுதான். கல் கணக்குக்கு எடுத்த அதே நீளம், உயரம், தடிமனை வைத்துக்கொண்டு இன்னும் நாலு வரி போட்டால் எடை வந்துவிடும். இந்த வீட்டில் அந்த நாலு வரிதான் சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பதையே மாற்றியது. அதனால்தான் சின்ன வேலையாக இருந்தாலும் இதை முழுதாக எழுதுகிறேன்.

கல்லை முதலில் அளக்க வேண்டும்

செங்கல் என்றால் 9 × 4½ × 3 இஞ்ச் என்று எல்லோரும் வாய்ப்பாடாகச் சொல்வோம். செங்கலுக்கான இந்தியத் தரக்குறிப்பான ஐ.எஸ். 1077-ல் 190 × 90 × 90 மில்லிமீட்டர் கல்லும் உண்டு, 230 × 110 × 70 கல்லும் உண்டு. நடைமுறையில் சூளைக்குச் சூளை அளவு மாறும். 2021-ல் தடாகம் பள்ளத்தாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்ட பிறகு, கோவையில் ஒரே கடையிலேயே வெவ்வேறு ஊர்க் கல் வருகிறது. எனவே பழைய அளவை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

அளக்கும் முறை எளிது. கடையில் பத்துக் கல்லை எடுத்து நீளவாக்கில் இடைவெளி இல்லாமல் அடுக்கி டேப் பிடித்துப் பத்தால் வகுக்க வேண்டும். அப்புறம் அகலவாக்கில், உயரவாக்கில். ஒரு கல்லை மட்டும் அளந்தால் அது வெந்து சுருங்கிய கல்லாகவோ கோணிய கல்லாகவோ இருக்கலாம். பத்தில் அது சமன் ஆகிவிடும். இந்த வீட்டுக்குப் பார்த்த கல் 8¾ × 4¼ × 2¾ இஞ்ச் வந்தது.

கல்லோடு, இரண்டு கல்லுக்கு நடுவே வரும் ⅜ இஞ்ச் கலவை இணைப்பையும் (மூட்டு) சேர்த்தால் சுவரின் முகத்தில் ஒரு கல் பிடிக்கும் இடம் 9⅛ × 3⅛ இஞ்ச், அதாவது 28½ சதுர இஞ்ச். ஒரு சதுர அடியில் 144 சதுர இஞ்ச். வகுத்தால், ஒரு கல் அகலத்தில் கட்டும் நாலரை இஞ்ச் சுவருக்குச் சதுர அடிக்கு 5.05 கல், இரண்டு கல் அகலம் வரும் ஒன்பது இஞ்ச் சுவருக்கு 10.1 கல். மேஸ்திரிகள் விரலில் வைத்திருக்கும் "அஞ்சு, பத்து" கணக்கு இதுதான். நிஜமாகவே 9 × 4½ × 3 அளவில் கல் கிடைத்தால் ஒன்பது இஞ்ச் சுவருக்குச் சதுர அடிக்கு 9.1 கல் போதும். சதுர அடிக்கு ஒரு கல் வித்தியாசம், நூறு சதுர அடிச் சுவருக்கு நூறு கல்.

சுவரின் மொத்த முகம் 120 சதுர அடி. கதவுக்கு 21 கழித்தால் 99. கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் லிண்டல் 4 அடி நீளம், அரை அடி உயரம். அதற்கு 2 சதுர அடி கழித்தால் கல் கட்டும் முகம் 97 சதுர அடி. லிண்டல் கதவைவிட ஓரடி நீளமாக இருப்பது இரண்டு பக்கமும் ஆறாறு இஞ்ச் சுவரில் உட்காருவதற்காக.

ஒன்பது இஞ்சுக்கு 97 × 10.1, அதாவது 980 கல். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 1,030. நாலரை இஞ்சுக்கு 490, உடைசலோடு 515.

கலவை

கலவையைக் குத்துமதிப்பாகச் சுவரின் கன அளவில் இத்தனை சதவீதம் என்று போடுவார்கள். அதைவிடச் சுவரின் கன அளவிலிருந்து கல்லின் கன அளவைக் கழித்துவிட்டால் சரியாக வரும். மேலே சொன்ன கல் ஒன்றின் கன அளவு 0.0592 கன அடி. ஒன்பது இஞ்ச் சுவர் 72.75 கன அடி. அதில் 980 கல் பிடிக்கும் இடம் 58. மீதி 14.75 கன அடி கலவை. நாலரை இஞ்ச் சுவரில் உண்மையான கனம் 4¼ இஞ்ச்தான். சுவர் 34.35 கன அடி, கல் 29, கலவை 5.35 மட்டுமே.

கல் பாதியானால் கலவையும் பாதியாகும் என்று நினைப்போம். ஆனால் பாதிக்கும் கீழே போகிறது. ஒன்பது இஞ்ச் சுவரில் உள்ளுக்குள் இரண்டு கல்லுக்கு நடுவே ஓடும் மூட்டு நாலரை இஞ்ச் சுவரில் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

இதோடு கல்லின் குழி நிரம்புவதற்கும் கீழே சிந்துவதற்கும் 15 சதவீதம் கூட்ட வேண்டும். அப்புறம் ஈரக் கலவையை உலர் பொருளாக மாற்ற 1.3-ஆல் பெருக்க வேண்டும், தண்ணீர் ஊற்றியதும் மணலும் சிமெண்டும் அடங்கி இறங்கும் என்பதால். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்று 1¼ கன அடி. ஒன்பது இஞ்ச் சுவருக்கு ஒன்றுக்கு ஆறு கலவையில், அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற கணக்கில், இரண்டரை மூட்டை சிமெண்ட், 19 கன அடி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்). நாலரை இஞ்ச் மெல்லிய சுவர் என்பதால் ஒன்றுக்கு நாலு; ஒன்றேகால் மூட்டைக்குக் கொஞ்சம் கூட, எம்-சாண்ட் ஆறரை கன அடி.

பூச்சு இரண்டு சுவருக்கும் ஒன்றேதான். சமமான பக்கம் 12 மில்லிமீட்டர், மேடுபள்ளமான பக்கம் 15. இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுக்கு ஐந்தில் 1.8 மூட்டை சிமெண்ட், பி-சாண்ட் (பூச்சுக்கான நைசான மணல்) பதினொன்றரை கன அடி. பூச்சுக்கு எம்-சாண்டையே சலித்துப் போட்டுவிடலாம் என்று சில இடங்களில் சொல்வார்கள். பி-சாண்ட் தனியாக வாங்குவதே நல்லது, பூச்சில் மயிர்வெடிப்பு குறையும்.

எடை

கட்டடச் சுமைகளுக்கான ஐ.எஸ். 875 தரக்குறிப்பின் முதல் பகுதியில், 1987 பதிப்பில், சாதாரணச் சுட்ட செங்கல் கட்டுமானத்தின் எடை கன மீட்டருக்கு 1,920 கிலோ என்று இருக்கிறது. சிமெண்ட் பூச்சு 2,080. கம்பி போட்ட கான்கிரீட்டை 2,500 என்று எடுப்பது வழக்கம்.

ஒன்பது இஞ்ச் சுவர் 72.75 கன அடி என்பது 2.06 கன மீட்டர். எடை 3,955 கிலோ. பூச்சு 517. லிண்டல் 106. மொத்தம் 4,578 கிலோ. நாலரை டன்னுக்கு மேல். நாலரை இஞ்ச் சுவரில் கட்டு 1,868, பூச்சு 517, லிண்டல் 50; மொத்தம் 2,435 கிலோ.

தரக்குறிப்பு எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கல்லையும் நிறுத்துப் பார்த்தோம். மளிகைக் கடைத் தராசில் பத்து உலர்ந்த கல் 29 கிலோ. அதே பத்தை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு எடுத்து, மேலே துடைத்துவிட்டு நிறுத்தால் 33. பத்துக் கல் நாலு கிலோ தண்ணீர் குடித்திருக்கிறது, 13.8 சதவீதம். சாதாரண வகைக் கல்லுக்கு ஐ.எஸ். 1077 அனுமதிப்பது 20 சதவீதம் வரை, ஆக கல் நல்ல கல். உலர்ந்த கல் 980-ம் கலவையும் சேர்த்தால் 3,711 கிலோ வருகிறது. தரக்குறிப்புக் கணக்கைவிட ஆறு சதவீதம் குறைவு. ஆனால் சுவர் முழுக்க நனைந்தால் கல் மட்டுமே 390 கிலோ தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளும். 1,920 என்ற எண் ஏன் கொஞ்சம் தாராளமாக இருக்கிறது என்பது அப்போது புரியும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழைக்கு நடுவே, மேட்டுப்பாளையம் நடூரில் உயரமான காம்பவுண்டு சுவர் ஒன்று பக்கத்து வீடுகள் மேல் விழுந்து 17 பேர் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். துடியலூரிலிருந்து அந்த ஊர் ஒன்றும் தூரமில்லை. அது கருங்கல் சுவர், இது வீட்டுக்குள் தடுப்புச் சுவர். இரண்டும் வேறு வேறு. ஆனாலும் அதற்கு அப்புறம், எத்தனை கிலோ, எதன் மேல் நிற்கிறது என்ற இரண்டையும் எழுதாமல் எந்தச் சுவருக்கும் நான் கல் கணக்குக் கொடுப்பதில்லை.

தளம் என்ன சொல்கிறது

இந்த ஹாலைத் தாங்கும் தளம் 5 இஞ்ச் கான்கிரீட். தளத்தின் சொந்த எடை சதுர மீட்டருக்கு சுமார் 320 கிலோ. டைல்ஸும் அதன் அடியில் கலவையும் 100. ஆட்கள், கட்டில், பீரோ என்று ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி வீட்டு அறைக்கு வைத்திருக்கும் சுமை 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 204 கிலோ. எல்லாம் சேர்த்தால் சதுர மீட்டருக்கு 625 கிலோ.

அந்த 204 கிலோவைச் சதுர அடிக்கு மாற்றினால் 19 கிலோ. ஹால் முழுவதும் 264 சதுர அடி. ஆக மொத்த ஹாலுக்கும் சேர்த்து ஆள், சாமான் சுமை 5 டன். வீட்டுக்காரர் கேட்ட ஒன்பது இஞ்ச் சுவர் தனியாகவே 4.6 டன். அதுவும் ஹால் முழுக்கப் பரவி நிற்காது; 12 அடிக்கு முக்கால் அடிப் பட்டையில் நிற்கும்.

கதவு இல்லாத பகுதியில் சுவரின் எடை ஓடும் மீட்டருக்கு 1,510 கிலோ. தளம் அதைப் பக்கத்துக்கு ஒரு மீட்டர் பரப்பி வாங்கிக்கொள்ளும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்த இரண்டு மீட்டர்ப் பட்டையில் சதுர மீட்டருக்கு 755 கிலோ கூடுகிறது. ஏற்கெனவே கணக்கில் உள்ள மொத்தமே 625. இரண்டு மடங்கையும் தாண்டுகிறது. நாலரை இஞ்ச் சுவரானால் மீட்டருக்கு 803 கிலோ. அதே பட்டையில் 400 கூடும். அதுவும் அதிகம்தான்.

"சுவரே உத்திரம் மாதிரி நிக்காதுங்களா சார்? ரெண்டு பக்கமும் பழைய சுவருதானே" என்று மேஸ்திரி கேட்டார். நல்ல கேள்வி. முழுச் சுவராக இருந்து இரண்டு ஓரமும் தாங்கியிருந்தால், ஓரளவுக்கு அது தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். நடுவில் ஏழடி உயரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டால் அந்த வழி அறுந்துவிடும். கதவின் இரண்டு பக்கத்து நிலைக்காலும் அப்படியே தளத்தின் நடுவில்தான் உட்காரும்.

அப்படியானால் இலேசான கல்? 4 இஞ்ச் ஏஏசி பிளாக்கையும் (காற்றுக் குமிழி கலந்த இலேசான கான்கிரீட் கட்டி) போட்டுப் பார்த்தேன். 24 × 8 × 4 இஞ்ச் பிளாக் சுமார் 77 வேண்டும். ஈரப்பதத்தோடு கன மீட்டருக்கு 700 கிலோ என்று எடுத்தால், பூச்சும் லிண்டலும் சேர்த்துச் சுவர் 1,200 கிலோ. மீட்டருக்கு 388.

இந்த 388-க்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. பின்னால் எங்கே வேண்டுமானாலும் வரக்கூடிய இலேசான தடுப்புகளுக்காகத் தளத்தில் கூடுதல் சுமை வைக்கச் சொல்லும் விதி ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதியில் இருக்கிறது. அது பொருந்தத் தடுப்பின் எடை மீட்டருக்கு 4 கிலோநியூட்டன், அதாவது சுமார் 400 கிலோவைத் தாண்டக் கூடாது. ஏஏசி சுவர் மயிரிழையில் உள்ளே வருகிறது. நாலரை இஞ்ச் செங்கல் சுவர் அந்த எல்லையைப் போல இரண்டு மடங்கு. "நாலரை இஞ்ச்தானே, சும்மா தடுப்புதானே" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சுவர், தரக்குறிப்பின் பார்வையில் இலேசான தடுப்பே இல்லை.

ஏஏசி வைத்துவிடலாமா என்றால் அதிலும் ஒரு சிக்கல். அந்தக் கூடுதல் சுமையை ஆரம்பத்திலேயே சேர்த்துத் தளம் போட்டிருக்க வேண்டும். இந்த வீட்டில் தளத்துக்குள் எத்தனை எம்.எம். கம்பி, எத்தனை இஞ்ச் இடைவெளியில் என்று சொல்ல வரைபடம் இல்லை. போட்ட கான்ட்ராக்டர் இப்போது தொழிலில் இல்லை. தெரியாத தளத்தின் நடுவில் எதையும் நிறுத்த வேண்டாம் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

சுவரை நகர்த்தியது

கீழ் வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒன்பது இஞ்ச் சுவர் ஒன்று அஸ்திவாரத்திலிருந்தே வருகிறது. மாடியின் முன்பக்கத்திலிருந்து அளந்தால் அது 14-வது அடியில். நடு, 11-வது அடி. சுவரை மூன்று அடி பின்னால் தள்ளினால் அது அந்தச் சுவரின் தலையில் நேராக உட்காரும். தளத்துக்கு வளையும் வேலையே இல்லை.

வீட்டுக்காரருக்கு மனசில்லை. "ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா புள்ளைங்க சண்டை கட்டுமே தம்பி" என்றார். எடைக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கீழே போய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சரி, இது மேலயே வெச்சுருங்க" என்றார். பின் அறை 12-க்கு 8 அடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு கட்டிலும் மேசையும் தாராளமாகப் போகும்.

சுவர் மேல் சுவர் என்றான பிறகு ஒன்பது இஞ்ச் வைப்பதில் தளத்துக்குப் பயமில்லை. ஆனாலும் நாலரையே போதும் என்று சொன்னேன். இரண்டு பக்கமும் பழைய சுவரில் பிணைத்து, நாலு வரிக்கு ஒரு தடவை இரண்டு 6 எம்.எம். கம்பி ஓடவிட்டால் 12 அடி நீளச் சுவர் ஆடாது. கம்பி மொத்தம் 12 கிலோ சுமாருக்கு. கீழ்ச் சுவரின் அஸ்திவாரம் இரண்டரை அடி அகலம். புதுச் சுவரால் மண்ணில் கூடுவது சதுர மீட்டருக்கு ஒரு டன் அளவுதான். அங்கே சரளைச் செம்மண், அதற்குப் பெரிய விஷயமில்லை. கரிசல் மண்ணாக இருந்திருந்தால் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

ஏற்றுவதும் அடுக்குவதும்

ஆபத்து அதிகமாக இருப்பது கட்டி முடித்த சுவரில் இல்லை, கட்டும் முன்னால் அடுக்கி வைத்த கல்லில் என்பது என் கருத்து. சதுர அடிக்கு 19 கிலோ என்றோமே, கல்லைப் படுக்கவைத்து நெருக்கமாக ஒரே ஒரு வரிசை பரப்பினாலே சதுர அடிக்கு 11 கிலோ. இரண்டாவது வரிசையிலேயே 19-ஐத் தாண்டிவிடும். மாடி வேலைகளில் ஹாலின் நடுவில் இடுப்புக்கு மேல் கல் அடுக்கியிருப்பதை எவ்வளவு பார்க்கிறோம்! ஐந்தடி உயர அடுக்கு சதுர அடிக்கு 230 கிலோவுக்கு மேல், பன்னிரண்டு மடங்கு. அதன் மேலேயே தண்ணீர் பீய்ச்சி நனைப்பார்கள்.

அதனால் இங்கே கல்லைக் கீழே வாசலிலேயே தொட்டியில் நனைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் மேலே ஏற்றினோம். மாடியில் அடுக்க இடம் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக் காட்டியாயிற்று: கீழ்ச் சுவர்களுக்கு நேர் மேலே மட்டும், நாலு வரிசைக்கு மேல் கூடாது.

515 கல் என்பது 1,494 கிலோ. முக்கால் டன் ஏற்றும் குட்டியானையில் சரியாக இரண்டு நடை. ஒரே நடையில் ஏற்றிவிடுகிறேன் என்று வண்டிக்காரர் சொன்னதற்குச் சம்மதிக்கவில்லை. மாடிக்குத் தலையில் சுமந்த சித்தாள் அக்கா ஒரு நடைக்குப் பத்துக் கல் வைப்பவர். உலர்ந்தால் 29 கிலோ, நனைந்தால் 33. அந்த நாலு கிலோ படி ஏறும் கழுத்துக்குத் தெரியும். எட்டாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லி, அதற்கேற்ப நேரமும் கூலியும் வைத்தோம். மதிப்பீட்டில் ஏற்றுகூலியை ஒரு மொத்தத் தொகையாக எழுதுவதைவிட கிலோவில் எழுதுவது நியாயம். ஒன்பது இஞ்ச் சுவராக இருந்திருந்தால் அவர் கல்லை மட்டுமே மூன்று டன் சுமந்திருப்பார்.

இறக்கியதும் செலவானதும்

எழுதிக்கொடுத்த பட்டியல்: செங்கல் 515, சிமெண்ட் 4 மூட்டை, எம்-சாண்ட் 7 கன அடி, பி-சாண்ட் 12 கன அடி, 6 எம்.எம். கம்பி 12 கிலோ, லிண்டலுக்குக் கொஞ்சம் ஜல்லியும் 8 எம்.எம். கம்பியும். நூறு கன அடி யூனிட் கணக்கில் மணல் எடுக்க இது போதாது என்பதால் சாக்கில் வாங்கினோம்.

கல் இருபதுக்கு மேல் மிஞ்சியது. உடைந்த கல்லை மேஸ்திரி கதவு ஓரத்து அரைக்கல்லாகப் பயன்படுத்திவிட்டார், அதனால் உடைசல் ஐந்து சதவீதத்துக்குள்ளேயே நின்றது. சிமெண்ட் நாலு மூட்டைக்குள் முடிந்தது. பி-சாண்ட் மட்டும் பற்றவில்லை. பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் மூலையில் கோழிவலை அடித்துப் பூசியபோது பூச்சு கனமானது. இரண்டு சாக்கு கூடுதலாக வாங்க வேண்டியிருந்தது. சேர்மானம் உள்ள சுவருக்கு அந்த ஓரத்தில் 20 மில்லிமீட்டர் என்றே கணக்கு வைப்பது நல்லது.

சுவரின் தலைக்கும் மேல் தளத்துக்கும் நடுவே அரை இஞ்ச் விட்டு, கலவை நன்றாக இறுகிய பிறகே அடைத்தோம். உடனே இறுக்கி அடைத்தால் மேல் தளம் லேசாகத் தொய்யும்போது அதன் பாரம் இந்தச் சுவர் வழியாக இறங்கும். இந்தச் சுவர் அதற்காகக் கட்டியதில்லை.

வேலை முடியும் நேரத்தில் வீட்டம்மா, புதுச் சுவரில் பின் அறைப் பக்கம் நீளத்துக்கு ஒரு பரண் கேட்டார். 2 அடி அகலம், 12 அடி நீளம், 3 இஞ்ச் கான்கிரீட் என்றால் வெறும் பரணே 425 கிலோ. அதில் பித்தளைப் பாத்திரமும் அரிசி மூட்டையும் ஏறும். நாலரை இஞ்ச் சுவரில் அதைத் தொங்கவிட முடியாது. வெளிப்பக்கத்து ஒன்பது இஞ்ச் சுவரில் இரும்பு பிராக்கெட் அடித்துப் பலகை வைத்துத் தருவதாகச் சொன்னேன். ஒத்துக்கொண்டார், ஆசாரி வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார்.